க்ரூம்னா மாப்பிள்ளை இல்லீங்க

முதல்லயே தெளிவுபடுத்திடறேன். இந்தப் பதிவில் வருகிற க்ரூம், கழுத்தில் மாலையோடு ஓமப்புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் இல்லை. குதிரையைப் பார்த்துக்கொள்பவர். ரேஸ்கோர்ஸ் பாஷையில் சைஸ். பழைய தமிழில் குதிரைக்காரன். பொண்ணு பார்க்கப் போன இடத்தில் "பையன் ஜெர்மனியில் க்ரூமா இருக்கான்"னு சொன்னா, "அதான் தெரியுதே, வேலை என்ன?"ன்னு கேட்பாங்க. :-)

ஷோ ஜம்பிங் பற்றி நம்ம மக்களுக்கு அதிகம் தெரியாது. ஒலிம்பிக்ஸ் வரும்போது டிவியில் சேனல் மாத்தும் இடைவெளியில் பார்த்திருப்பீங்க. கலர் கலரா கட்டைகளை அடுக்கி வெச்சிருப்பாங்க, பெரிய போட்டிகளில் 1.60 மீட்டர் உயரம் வரைக்கும். அதாவது பல பேருக்கு மூக்கு வரைக்கும் வரும். குதிரை மேல ஒருத்தர் உட்கார்ந்து வரிசையா எல்லாத்தையும் தாண்டணும். ஒரு கட்டை விழுந்தா 4 தப்புப் புள்ளி. நேரம் தாண்டினா அதுக்கும் உண்டு. ஒரு சுற்று சுமார் 80 விநாடி. அவ்ளோதான் ஆட்டம்.

அந்த 80 விநாடிக்கு முன்னாடியும் பின்னாடியும் இருக்கிற பதினாறு மணி நேரத்தைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

நான் கொலோனில் குப்பை கொட்டுகிறவன். இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போனால் ஆகன். பெல்ஜியமும் நெதர்லாந்தும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர். அங்கே ஸூர்ஸ் என்கிற பகுதியில் வருஷா வருஷம் சி.எச்.ஐ.ஓ. ஆகன் என்கிற குதிரைத் திருவிழா. திருவிழான்னு சும்மா சொல்லலை. சுமார் 40,000 பேர் உட்காரும் மைதானம் நிரம்பி வழியும். கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை கிராண்ட் ப்ரீ. 40 பேர் இறங்குவாங்க, முதல் சுற்றில் தேறுகிற 18 பேர் ரெண்டாவது சுற்றுக்குப் போவாங்க, அப்புறம் ஜம்ப்-ஆஃப். 2023-ல் இதுக்கு மொத்தப் பரிசு 15 லட்சம் யூரோ. அந்த வருஷம் ஜெயிச்சது மார்கஸ் ஏனிங், குதிரை பேர் ஸ்டார்கோல்ட்.

பாருங்க, மனுஷன் பேரையும் குதிரை பேரையும் சொல்லிட்டேன். இன்னும் கேட்டா குதிரையோட அப்பன் பேர், தாய்வழித் தாத்தா பேர், எந்த இனப் பதிவேடு, சொந்தக்காரர் யார், வளர்த்தவர் யார், எல்லாமே போட்டிப் புத்தகத்தில் அச்சடிச்சிருக்கும். அன்னிக்குக் காலையில் அந்தக் குதிரைக்குத் தண்ணி காட்டினது யாருன்னு மட்டும் பெரும்பாலான போட்டிகளில் எங்கேயும் இருக்காது. எனக்கு இதில்தான் சண்டை.

சண்டைக்கு முன்னாடி அந்த நாளைப் பார்த்துடுவோம். ஆகனில் வார்ம்-அப் மைதானத்தை வேலியோரம் நின்னு யார் வேணும்னாலும் வேடிக்கை பார்க்கலாம். உள்ளே நடக்கிற போட்டியை விட எனக்கு அதுதான் பிடிக்கும். ஒரு வருஷம் அங்கே காப்பி வரிசையில் ஒரு க்ரூம் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். இருபத்தஞ்சு வயசு இருக்கலாம். கையில் பாதி நகம் உடைஞ்சிருந்தது. அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு மூணு பேரிடம் பேசியிருக்கேன். எல்லாரும் சொன்னது ஏறக்குறைய ஒரே நாள்தான்.

விடியக்காலை 5 மணி, 5:30-க்கு லாயம். முதல் வேலை தீனி இல்லை, பார்வை. ராத்திரி வெச்ச வைக்கோலை முழுசா தின்னிருக்கா? வாளியில் தண்ணி எவ்வளவு குறைஞ்சிருக்கு? சாணி எப்படி இருக்கு? நம்ம வீட்டில் மாடு வெச்சிருந்த பாட்டிகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை. அப்புறம் நாலு காலையும் கையால் தடவிப் பார்க்கணும். எங்கேயாவது சூடு இருக்கா, லேசா வீக்கம் இருக்கா. வெட்டினரி டாக்டர் மெஷின் வெச்சுக் கண்டுபிடிக்கிறதுக்கு முந்தின நாளே இந்தக் கை கண்டுபிடிச்சிடும். "நேத்தைக்கு இருந்த கால் எப்படி இருந்ததுன்னு என் கைக்கு ஞாபகம் இருக்கு"ன்னு அந்தப் பொண்ணு சொன்னது. எந்தப் படிப்பிலும் வராத ஞாபகம் அது.

உடம்புச் சூடும் பார்க்கணும், ஒரு நாளைக்கு ரெண்டு தடவையாவது. 2021-ல் ஸ்பெயினின் வலென்சியாவில் நடந்த போட்டித் தொடரில் குதிரை ஹெர்ப்பிஸ் வைரஸ் பரவி, பல குதிரைகள் செத்துப்போயிடுச்சு. ஐரோப்பா முழுக்கப் போட்டிகள் நின்னு போச்சு. அதுக்கப்புறம் சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு, அதாங்க எஃப்.இ.ஐ., தெர்மாமீட்டரைக் கட்டாயமாக்கி, எண்ணை செல்போன் ஆப்பில் பதியணும்னு விதி போட்டது. 38.5 டிகிரிக்கு மேலே போனால் எச்சரிக்கை. பதியறது யாரு? வேற யாரு.

சாணி அள்ளுறது, படுக்கை மாத்துறது, தீனி கலக்கிறது எல்லாம் சொல்லிட்டே போனா பதிவு முடியாது. ஒரு ரைடர் பெரிய போட்டிக்கு ரெண்டு மூணு குதிரை கொண்டுவருவார், அத்தனையும் பல நேரம் ஒரே க்ரூம் தலையில். காலையில் கையில் பிடிச்சு நடத்தணும், கொஞ்சம் புல் மேய விடணும். லாயத்தில் நாள் முழுக்க நிக்கிற மிருகத்துக்கு அந்த அரை மணிதான் மனசு ஆறுற நேரம். பிறகு குளியல், தேய்ப்பு, பிடரி மயிரைப் பின்னுறது. சின்னச் சின்னப் பின்னலா, ஒரே அளவில். ஸ்கூல் போற ரெட்டைப் பொண்ணுங்களுக்கு ஜடை போட்ட அம்மாக்கள் மானசீகமாக் கை கொடுங்க.

ஆகனில் ஒரு கூடுதல் வேலை இருக்கு. அங்கே பெரிய மைதானம் இப்பவும் புல்தரைதான். பல ஊரில் மணல் தரைக்கு மாறிட்டாங்க. புல்லில் வழுக்கும். அதனால் லாடத்தில் இருக்கிற ஓட்டையில் திருகாணி மாதிரி ஸ்டட் மாட்டணும். மழை பேஞ்சு சேறா இருந்தால் பெருசு, தரை கெட்டியா இருந்தால் சின்னது, கூர்மையானது. 600 கிலோ மிருகத்தோட காலைத் தூக்கி மடியில் வெச்சுக்கிட்டு, ஓட்டையில் அடைச்ச மண்ணைக் குத்தி எடுத்து, மரை சரி பண்ணி, ஸ்பானரால் ஒவ்வொண்ணா இறுக்கணும். ஒண்ணு லூசா இருந்து, திரும்புற இடத்தில் கால் வழுக்கினா குதிரை மேல இருக்கிறவர் கீழே. போட்டி முடிஞ்சதும் உடனே கழட்டிடணும், இல்லேன்னா இன்னொரு காலைத் தானே மிதிச்சுக் கிழிச்சுக்கும். உடைஞ்ச நகத்துக்குக் காரணம் இதுதான்னு அப்புறம் தெரிஞ்சுது.

ரைடர் மைதானத்துக்குள்ளே போய்த் தடைகளை நடந்து அளக்கிற நேரத்தில் க்ரூம் குதிரையோட வெளியே காத்திருக்கணும். அப்புறம் வார்ம்-அப். இங்கே க்ரூமுக்கு இன்னொரு உத்தியோகம், கட்டை தூக்குறது. பயிற்சியாளர் "இன்னும் ரெண்டு ஓட்டை"ன்னு கத்துவார், ஓடிப்போய் ஏத்தணும். குதிரை தாண்டும்போது சிவப்புக் கொடி வலது பக்கம், வெள்ளைக் கொடி இடது பக்கம் இருக்கணும். எதிர்த்திசையில் தாண்டினால் அதிகாரி விசிலடிப்பார். பக்கத்தில் இன்னொரு நாட்டுக்காரர் அதே தடைக்குச் சண்டைக்கு வருவார். இதுக்கு நடுவில் "நமக்கு முன்னாடி எத்தனை குதிரை?"ன்னு கணக்கு வெச்சுக்கணும். சீக்கிரம் சூடாக்கினா உள்ளே போறதுக்குள்ளே ஆறிடும், தாமதமானா விறைப்பா போகும். தோசைக்கல் பதம்.

வாசல். மேல்போர்வையை உருவி, வாயோர நுரையைத் துடைச்சு, சேணத்தோட வாரைக் கடைசியா ஒரு ஓட்டை இறுக்கி, ரைடர் பூட்ஸில் இருக்கிற மண்ணைத் துணியால் ஒரு தட்டு. குதிரையோட கால் பூட்ஸையும் அதிகாரிகள் சோதிப்பாங்க. பின்னங்காலில் இறுக்கிக் கட்டி அதிகமாத் தூக்க வைக்கிற திருட்டு வித்தைகள் இருக்கு, அதுக்காக.

உள்ளே போயாச்சு. 40,000 பேர் உச்சுக் கொட்ட, 80 விநாடி. நான் எப்பவும் அப்போ பெரிய திரையைப் பார்க்க மாட்டேன், வாசலில் நிக்கிற க்ரூமைத்தான் பார்ப்பேன். ஒவ்வொரு தடைக்கும் அவங்க முழங்கால் லேசா மடங்கும். கையில் போர்வையைச் சுருட்டிப் பிடிச்சிருப்பாங்க. கட்டை விழுந்தா முகத்தில் ஒண்ணும் காட்டாம, வெளியே வர்ற குதிரையோட காலைத்தான் முதலில் பார்ப்பாங்க. ரைடர் முகத்தை இல்லை.

இந்த இடத்தில் எனக்குப் பார்த்தசாரதி ஞாபகம் வருவார். பாரதப் போரில் ஜயத்ரதனைத் தேடிப் போகிற நாளன்னிக்கு, நட்ட நடுக் களத்தில் தேரை நிறுத்தி, அர்ஜுனன் அம்பு விட்டுத் தரையைப் பிளந்து தண்ணி வரவழைக்க, கிருஷ்ணர் குதிரைகளை அவிழ்த்து, தைச்சிருந்த அம்பை எல்லாம் பிடுங்கி, தேய்ச்சுவிட்டுத் தண்ணி காட்டுவார். சாட்சாத் க்ரூம் வேலை. திருவல்லிக்கேணி உற்சவர் முகத்தில் பீஷ்மர் விட்ட அம்புத் தழும்பு இருக்கும், பார்த்திருப்பீங்க. அங்கே சாமிக்குப் பேரே பார்த்தனின் சாரதி. வில்லெடுத்தவனை விட்டுட்டு வண்டி ஓட்டினவர் பேரில் கோயில் கட்டின ஊர்க்காரங்க நாம.

போகட்டும். போட்டி முடிஞ்சதும் டிவிக்குத்தான் வேலை முடியுது. ரைடர் மைக் முன்னாடி போயிடுவார். க்ரூம் சேணத்தைத் தளர்த்தி, மூச்சு அடங்குற வரை நடத்தி, ஸ்டட் கழட்டி, குளிப்பாட்டி, காலுக்கு ஐஸ் கட்டணும். ஊக்கமருந்து சோதனைக்குக் குதிரையைத் தேர்ந்தெடுத்துட்டா வேறு கூத்து. சோதனைக் கொட்டடிக்குள்ளே குதிரை மூத்திரம் போற வரைக்கும் காத்திருக்கணும். விசிலடிச்சுப் பழக்கி வெச்சிருப்பாங்க. வைக்கோலைப் புரட்டி, விசிலடிச்சு, ஒரு ஆள் நீளக் கம்பில் கப்பை நீட்டிக்கிட்டு நிக்க... சிரிப்பா இருக்கும், ஆனா விஷயம் சிரிப்பில்லை. மாதிரியை எடுத்து மூடி முத்திரை வைக்கிறதுக்கு ரைடரோ அவர் சார்பில் ஒருத்தரோ சாட்சியா இருந்து கையெழுத்துப் போடணும். பெரும்பாலும் அந்த ஒருத்தர் க்ரூம்தான்.

அது எவ்வளவு பெரிய கையெழுத்துன்னு தெரிய, 2008-க்குப் போங்க. பெய்ஜிங் ஒலிம்பிக்ஸின் குதிரைப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தன. அங்கே நாலு குதிரைகள் கேப்சைசின் என்கிற பொருளுக்காக மாட்டின. கேப்சைசின் வேற ஒண்ணும் இல்லை, நம்ம மிளகாயோட காரம்! களிம்பா தடவினால் வலியை மறக்கடிக்கும். காலில் தடவினால் எரிச்சலில் கட்டையைத் தொடவே பயந்து உயரமாத் தாண்டும்கிறதால் அதுக்குத் தடை. நார்வே அணி வெண்கலத்தையே திருப்பிக் கொடுக்க வேண்டியதாச்சு, அது சுவிட்சர்லாந்துக்குப் போனது. முதல் பொறுப்பு ரைடருக்குன்னுதான் விதி. ஆனா க்ரூம் உள்ளிட்ட உதவியாளர்களையும் கூடுதல் பொறுப்பாளிகளாக்கலாம்னு விதியில் இடம் இருக்கு. அதனால்தான் லாயத்துக்குள்ளே காப்பி, சாக்லேட் எடுத்துட்டுப் போகாதே, உன் மாத்திரையைத் தொட்ட கையோட தீனியைக் கலக்காதே, வைக்கோலில் ஒண்ணுக்குப் போகாதேன்னு ஆயிரம் எச்சரிக்கை.

ஆக, குற்றப் பத்திரிகையில் போட க்ரூமுக்குப் பேர் உண்டு. சோதனைப் படிவத்தில் போடக் கையெழுத்து உண்டு. ஆட்டக்காரர் பட்டியலில் போட மட்டும் இடம் இல்லை. இது என்ன நியாயம்?

கேட்டா, "அவங்க குதிரை மேல இருக்கிற பாசத்தில் செய்யறாங்க"ன்னு சொல்வாங்க. இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். நர்ஸுக்குச் சேவை மனப்பான்மை, டீச்சருக்கு அர்ப்பணிப்பு, க்ரூமுக்குப் பாசம். காசு கொடுக்க மனசில்லாத இடத்தில் எல்லாம் ஒரு நல்ல குணத்தைச் சூட்டிடறது. பாசம் இருக்குங்க, யார் இல்லேன்னா? நான் பேசினவங்க எல்லாரும் குதிரை பத்திப் பேசும்போது முகமே மாறுது. அந்தப் பாசத்தைத்தான் ஓவர்டைமா எழுதிக்கிறாங்க.

சட்டம் இல்லாமலும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் தொழிலாளிக்கு வாரத்துக்குச் சராசரி 48 மணி நேரம், தினமும் 11 மணி நேரம் தொடர் ஓய்வுன்னு விதி இருக்கு. லாரி ஓட்டுறவருக்கு ஒரு நாளைக்கு 9 மணி நேரம் (வாரத்தில் ரெண்டு நாள் மட்டும் 10) ஓட்டலாம்னு கணக்கு இருக்கு, மெஷினே பதிவு பண்ணும். ஆனா தொழிலாளி என்கிற வார்த்தையில்தான் சூட்சுமம். "நீ ஃப்ரீலான்ஸ், எனக்கு பில் போடு"ன்னு சொல்லிட்டா அந்த 48-ம் இல்லை, 11-ம் இல்லை. நான் பேசின ஒருத்தர், ராத்திரி 11 மணிக்கு மின்விளக்கு வெளிச்சத்தில் போட்டி முடிச்சு, குதிரைகளை ஏத்திக்கிட்டு, மறுநாள் மதியம் இன்னொரு நாட்டில் இறக்கினவர். இடையில் தூங்கினீங்களான்னு கேட்டேன். "குதிரைங்க தூங்கிச்சு"ன்னார்.

குதிரை நலம் பத்தி இப்போ எல்லாரும் பேசறாங்க. பேசணும். 2021-ல் டோக்கியோவில் மாடர்ன் பென்டத்லான் போட்டியில் குலுக்கலில் கிடைச்ச குதிரை முரண்டு பிடிக்க, அதைப் பயிற்சியாளர் குத்தின காட்சியை உலகமே பார்த்தது. அந்த விளையாட்டிலிருந்து குதிரையேற்றத்தையே பாரிஸ் 2024-க்கு அப்புறம் எடுத்துட்டாங்க. எஃப்.இ.ஐ. பயந்துபோய் 2022-ல் ஒரு நெறிமுறைக் குழு போட்டு, அறிக்கை வாங்கினது. நல்லது. ஆனா குதிரைக்கு வலிக்குதுன்னு முதலில் கண்டுபிடிக்கிற கை பதினாறு மணி நேரம் வேலை பார்த்து மரத்துப்போன கையா இருந்தால், எந்தக் குழு போட்டு என்ன? அந்தக் கைக்காரர் "இன்னிக்கு இவன் தாண்ட வேண்டாம்"னு தைரியமாச் சொன்னால் நாளைக்கு வேலை இருக்குமா? இருக்காதுன்னு பயம் இருக்கிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டாங்க. கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும்னு குதிரையைச் சொல்வோம். நலம்னு சொன்னால் மேடையில் வாயைத் திறக்கிறதும், சம்பளம்னா மூடிக்கிறதும் குதிரை இல்லை.

எல்லாரும் மோசம்னு சொல்ல வரலை. ஜெயிச்ச பணத்தில் க்ரூமுக்குப் பங்கு கொடுக்கிற ரைடர்கள் இருக்காங்க. பெரிய போட்டிகளில் க்ரூம்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் நடத்துறவங்களே கொடுக்கிறாங்க. எஃப்.இ.ஐ. சிறந்த க்ரூம்னு ஒரு விருதும் வெச்சிருக்கு. 2017-ல் வலெக்ரோ என்கிற புகழ்பெற்ற டிரெஸ்ஸாஜ் குதிரையைப் பார்த்துக்கிட்ட ஆலன் டேவிஸுக்குக் கிடைச்சது. பிரிட்டனில் 2007-ல் க்ரூம்களுக்குன்னு சங்கம் வந்தது, 2023-ல் சர்வதேச அளவிலும் ஒண்ணு. ஆனா விருது ஒருத்தருக்கு, பங்கு முதலாளி மனசைப் பொறுத்தது. நான் கேட்கிறது மனசை இல்லை, விதியை.

பிரிட்டிஷ் குதிரைப் பந்தயத்தைப் பாருங்க. சூதாட்டம்னு நாம முகம் சுளிக்கிற அதே பந்தயத்தில், பரிசுப் பணத்தில் ஒரு சின்னப் பங்கு லாயத் தொழிலாளிகளுக்குப் பொதுவில் பிரியணும்னு ஒப்பந்தமே இருக்கு. கனவான்களின் விளையாட்டுன்னு தொப்பி போட்டுக்கிட்டுப் பார்க்க வர்ற ஷோ ஜம்பிங்கில் ஏன் முடியாது? 15 லட்சம் யூரோவில் நூத்துக்கு ரெண்டு எடுத்தாலும் 30,000. போட்டி வரிசையில் நின்ன 40 க்ரூம்களுக்கும் பிரிச்சால் ஆளுக்கு 750 யூரோ. ஒரு வாடகைக்காவது உதவும். அதோட, குதிரையைப் பதியும்போதே அதன் க்ரூம் பேரையும் பதியணும், கடைசியா எப்போ ஓய்வு எடுத்தார்னும் பதியணும். தெர்மாமீட்டர் எண்ணைப் பதிய ஆப் இருக்குல்ல? அதிலேயே இன்னும் ரெண்டு கட்டம் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்? சாஃப்ட்வேர் ஆசாமியாச் சொல்றேன், அரை நாள் வேலை. டெஸ்டிங்கோட ஒரு நாள்.

ஆகனில் கடைசி நாள் முடியும்போது ஒரு வழக்கம் உண்டு. எல்லா நாட்டுக்காரர்களும் மைதானத்தைச் சுத்தி வருவாங்க, மொத்தக் கூட்டமும் வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டி வழியனுப்பும். பார்க்க அழகா இருக்கும், கண்ணில் தண்ணி கூட வரும். அந்த நேரத்தில் லாயத்துப் பக்கம் போனால் லாரிகளின் சாய்வுப் பலகை எல்லாம் இறங்கியிருக்கும். பெட்டி, வாளி, சேணம், கூட்டு வண்டி, கடைசியில் குதிரைன்னு ஏத்திக்கிட்டு இருப்பாங்க. அடுத்த வாரம் வேற ஊர்.

பி.கு: லாயத்துப் பக்கம் போற வாய்ப்புக் கிடைச்சால் குதிரைக்குக் கேரட் கொடுக்கலாமான்னு போன தடவை ஒரு நண்பர் கேட்டார். கூடாது சாமி. உங்க கையில் என்ன ஒட்டியிருக்குன்னு யாருக்குத் தெரியும், அப்புறம் அந்தப் பொண்ணுதான் பதில் சொல்லணும். க்ரூமுக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுங்க, கொட்டடிக்கு வெளியே.